தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் செம்பருத்தி

ஓசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலி. கணவருக்கு சிப்காட்டில் வேலை கிடைத்ததும் இங்கே குடிவந்தவர். அம்மா போட்டால் செம்பருத்தி சர்பத் குங்குமச் சிவப்பாக இருக்குமாம். இவர் அதே மாதிரி செய்தும், கத்தரிக்காய் வெந்த தண்ணீர் போல நீலம் பாரித்து நிற்கிறதாம். ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தும் வெளிறிய ஊதாதான். சமையல் எல்லாம் போர் தண்ணீரில். “இந்த ஊர்ப் பூ வேறு ரகமா?” என்று கேட்கிறார்.

அதே பூதான், அம்மா. இங்கே கன்னடக்காரர் தாசவாளம் என்பார், தெலுங்குக்காரர் மந்தாரம் என்பார். அந்த போர் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும்.

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐந்திதழ் ஒற்றைச் செம்பருத்தி பத்து. காம்பு, பச்சைப் புல்லி, நடுத்தண்டு மூன்றையும் நீக்கிவிட வேண்டும். இரண்டு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இதழைப் போட்டு மூடுங்கள். இதழோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் வழவழப்பு இறங்கிவிடும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்பும் அலுமினியமும் இந்த நிறத்தோடு சேர்ந்து அதை நீலமாக்கும். பத்து நிமிடத்தில் இதழ் வெளுத்து, தண்ணீர் கருநீலம் கலந்த ஊதாவாகும். வடிகட்டி ஆறவைத்து எலுமிச்சை பிழிய வேண்டும். ஒரே நொடியில் டம்ளர் முழுக்கச் சிவந்துவிடும்.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத நொடி அது. இதழின் சாயத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர். நாவல்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருப்பது இதே குடும்பம். புளிப்பு ஏறினால் இதன் மூலக்கூறு வடிவம் மாறிச் சிவப்பாகும், புளிப்பு குறைந்தால் ஊதாவாகும். சோப்புத் தண்ணீரோ சுண்ணாம்புத் தெளிவோ பட்டால் பச்சையே ஆகிவிடும். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஆரத்தி கரைக்கும் வேலை என்னுடையது. மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு சிவக்கும். அதைப் பார்க்கவே கல்யாண வீடுகளுக்கு ஓடுவேன். செம்பருத்தி அதற்கு நேர் எதிர். மஞ்சளைச் சுண்ணாம்பு சிவக்க வைக்கிறது, செம்பருத்தியை எலுமிச்சை சிவக்க வைக்கிறது. இந்த இரண்டையும் அடுக்களையிலேயே வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறோமே என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். திருநெல்வேலியில் உங்கள் அம்மா வீட்டில் தாமிரபரணித் தண்ணீர். உப்பு குறைந்த ஆற்று நீர். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டமோ பாறைப் பூமி. ஆழ்குழாய் நீர் பாறை இடுக்கில் ஊறி ஊறி பைகார்பனேட்டைச் சுமந்துகொண்டு மேலே வருகிறது. கொதிக்கும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேற, நீர் இன்னும் காரத்தன்மை அடைகிறது. பிழிந்த எலுமிச்சையில் ஒரு பங்கு அந்தக் காரத்தை அடக்கவே செலவாகிவிடும். சாயத்துக்கு மிச்சம் குறைவு. கேன் தண்ணீரில் ஒரு டம்ளரும் போர் தண்ணீரில் ஒரு டம்ளரும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தெரிந்துவிடும்.

பூ எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது. இந்தப் பகுதி நிலத்தடி நீரின் பெரிய துயரம் ஃபுளோரைடு. பற்களைக் கறையாக்கி எலும்பை வளைக்கும் அதற்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. 2013இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் காவிரி நீர் குழாயில் வந்தது அதற்காகத்தான். அந்தக் குழாய் நீர் கிடைக்கும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். போர் தண்ணீர் பாத்திரம் கழுவப் போகட்டும். இன்னொரு பக்கம் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்து நுரைத்து வருகிறது. பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்த நுரை அது. அதைப் பார்க்கப் பூவே தேவையில்லை, கண் போதும். பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகப் பழகிவிட்டோம்.

இனி பூவுக்கு வருகிறேன். சர்பத்துக்கு அதை வேலியிலிருந்தே பறியுங்கள். ஓசூரைச் சுற்றிப் பசுமைக்குடிலில் விளையும் ரோஜா மேடை அலங்காரத்துக்கு. மருந்தடித்து வளர்ப்பதால் அதைக் குடிக்கும் எதிலும் போடக்கூடாது. செம்பருத்தி காலையில் விரிந்து பெரும்பாலும் அன்றைக்கே வாடும் பூ என்பதால் கடைக்கும் அதிகம் வராது. பாக்கெட்டில் ‘செம்பருத்தி டீ’ என்று விற்பது பெரும்பாலும் புளிச்சக்கீரை இனத்தின் சிவந்த புல்லி. எகிப்தில் கர்க்கதே என்று குடிப்பது அதைத்தான். அதிலேயே புளிப்பு இருப்பதால் எலுமிச்சை இல்லாமலே சிவக்கும். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் இரண்டு வகையையும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது.

இனிப்புக்குப் பனங்கற்கண்டு போடுங்கள். வெல்லம் நிறத்தை மங்கலாக்கிவிடும். எலுமிச்சையைக் கடைசியில், பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பிழியுங்கள்.