உடல் ஒரு பெட்டி, தலை ஒரு பெட்டி

உயரம் 28 மில்லிமீட்டர்தான். கட்டைவிரலின் பாதிகூட வராது. தலை, கை, உடல், வில் எல்லாம் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் பூசினால் ஒரு மத்தியகாலப் போர்வீரன் தயார். பெட்டிப் படத்தில் இருப்பதைப் போலவே செய்து முடிப்பவர்கள்தான் அதிகம். சிலருக்கு அது போதாது. ஒரு பெட்டியின் உடலில் இன்னொரு பெட்டியின் தலையைப் பொருத்துவார்கள். குண்டம் ரோபோ கட்டும் நம் பிள்ளைகள் இதைத்தான் 'கிட்பேஷ்' என்கிறார்கள். இரவு நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியதும், உணவு மேசையின் ஓரத்தில் நான் செய்யும் வேலையும் இதுதான்.

முழுசாக வரும் வீரனை ஏன் வெட்ட வேண்டும்? பெட்டிக்கு நாற்பது பேர் வரை இருந்தாலும் உடல்கள் சில வகைதான். அப்படியே ஒட்டினால் படை முழுக்க இரட்டைப் பிள்ளைகள். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அஜின்கோர்ட்.

1415-ஆம் ஆண்டு அக்டோபர் 25. இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் சிறிய படை, வடக்குப் பிரான்ஸில் தன்னைவிடப் பெரிய பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. வென்றவர்களில் பெரும்பாலோர் சாதாரண வில்லாளிகள். ஹார்ஃபிளூர் முற்றுகையில் சீதபேதி பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் இரண்டு வாரத்துக்கும் மேலாக மழையிலும் பசியிலும் நடந்து வந்தவர்கள். அன்று பிரெஞ்சுத் தரப்பில் இளைஞனாக இருந்த ழான் டி வாவ்ரன் பின்னாளில் தன் வரலாற்று நூலில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பலருக்குக் கவசமே இல்லை, காலுறைகள் தளர்ந்து தொங்கின, சிலர் வெறுங்காலோடு நின்றார்கள். தலையில் வேகவைத்த தோல் தொப்பி, அல்லது பிரம்பில் பின்னி இரும்புப் பட்டை வைத்த தொப்பி.

பெட்டியிலிருந்து வருபவர்களோ குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கிறார்கள்! அந்த நடையை நடந்தவர்களை எனக்கு அப்படி நிறுத்தி வைக்க மனம் வரவில்லை.

இந்தக் காலத்து வீரர்களுக்குப் பெயர் பெற்றவர்கள் இங்கிலாந்தின் பெர்ரி சகோதரர்கள், ஆலன், மைக்கேல். இரட்டையர். 1996-இல் பிரான்ஸில் பழைய போர் ஒன்றை நடித்துக்காட்டும் நிகழ்ச்சியில், பீரங்கி விபத்தில் மைக்கேல் தம் வலது கையை இழந்தார். சிற்பிக்கு அது என்ன இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. இடது கையால் செதுக்கக் கற்றுக்கொண்டு, தொழிலைத் தொடர்ந்தார்.

இவர்களிடம் அஜின்கோர்ட் காலத்துப் பெட்டியும் உண்டு, 1450 முதல் 1500 வரையிலான ரோஜாப் போர்களின் பெட்டியும் உண்டு. அளவு ஒத்துப்போவதால் கழுத்தும் தோளும் அதிகச் சண்டையில்லாமல் சேரும். காலம் சேருமா என்பதுதான் கேள்வி. பின்கழுத்தை மூடி வால்போல் நீளும் 'சாலட்' தலைக்கவசம் (தட்டில் வரும் சாலட் அல்ல) அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே இங்கிலாந்தில் பரவியது. அதை 1415-இல் நின்றவனுக்கு மாட்டினால் தாத்தா தலையில் பேரனின் தொப்பி. ஆனால் வெறுந்தலை, துணித்தொப்பி, வில், வாள் பிடித்த கை இவற்றுக்கு வயதில்லை. தாராளமாகக் கடன் வாங்கலாம். வேறு நிறுவனத்துப் பெட்டி என்றால், வாங்கும் முன் தலையின் அளவைப் பாருங்கள். எல்லாம் 28 மில்லிமீட்டர் என்றுதான் எழுதியிருக்கும். ஒட்டிய பிறகு பூசணிக்காய் வைத்ததுபோல் ஆகிவிடும்.

ஒட்டுவதற்கு முன் புளூ-டாக் வைத்துத் தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்பது நல்லது. தலையைக் கொஞ்சம் திருப்பினாலே ஆள் மாறிவிடுகிறான். நேராகப் பார்த்தால் அணிவகுப்பு, தோளுக்கு மேல் திரும்பினால் பயம். பிளாஸ்டிக் பசை இரண்டு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும் என்பதால், ஒட்டியபின் மனம் மாறுவது கடினம். வெட்டிய சட்டத்துண்டுகளை அதே பசையில் ஊறவைத்தால் கூழாகும். சின்ன இடைவெளிகளை அடைக்க அது போதும்.

பெரிய வேலைக்குப் பச்சைப் புட்டி. நீலமும் மஞ்சளுமான இரு பட்டைகளைப் பிசைந்தால் பச்சையாகும், பிறகு மெல்ல இறுகும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம் இறுகுகிறது. அதனால் கொஞ்சமாகவே பிசைய வேண்டும். கருவியின் முனையைத் தண்ணீரில் நனைத்தால் ஒட்டாது. தளர்ந்த காலுறையின் மடிப்பு, பிரம்புத் தொப்பியின் பின்னல் எல்லாம் இதில்தான். பின்னலுக்குக் குண்டூசி முனை போதும், பொறுமைதான் நிறைய வேண்டும்.

பிள்ளைகளோடு செய்ய விரும்பும் பெற்றோருக்கு ஒன்று. கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். கத்தியின் பாதையில் விரல் இருக்கக் கூடாது. பசையின் நெடி தலைவலி தரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எந்தத் தலை எந்த உடலுக்கு என்ற முடிவைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். கோமாளித்தனமான சேர்க்கைகள் வரும், வரட்டும்.

என் மேசையில் இப்போது ஏழு பேர் நிற்கிறார்கள். எட்டாவது ஆளின் காலணியைச் செதுக்கி எடுத்தாயிற்று. கால்விரல்களுக்கு வைத்த புட்டி நாளைக்குள் இறுகிவிடும்.