இணையப் பெயரும் பதிவாளர் படுத்தும் பாடும்

சிங்கப்பூரின் நடுவே டோபி காட் என்றோர் இடம் உண்டு. டோபி என்பது சலவைத் தொழிலாளியைக் குறிக்கும் இந்திச் சொல். காட் என்பது நீர்த்துறைப் படி. இந்தியாவிலிருந்து சென்ற சலவைத் தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு ஓடிய சிற்றாற்றில் துணி வெளுத்தனர். அதனால் வந்த காரணப்பெயர் இது. இன்று வெளுப்பாரும் இல்லை; துறையும் இல்லை. 1987, 2003, 2010 ஆகிய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த மூன்று ரயில் தடங்கள் அங்கே கூடுகின்றன. இடத்தின் தொழில் முற்றும் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. வழி கேட்பவர் இன்றும் அப்பெயரையே சொல்லிக் கேட்கின்றனர்.

பெயரின் பயன் இதுவே அன்றோ? இணையத்திலும் பெயர் இப்பயனுக்காகவே ஏற்பட்டது. ஆயினும், இணையத்தில் ஒரு பெயரை வாங்கி அதனைத் தாமே ஆள முற்படுவோர் படும் இடர்ப்பாடுகள் பல. அவற்றின் காரணத்தையும் நீங்கும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் எண்ணும்

இணையத்திலுள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர் எண்களை நினைவில் வைப்பது அரிது. கணினி இடம் மாறினால் எண்ணும் மாறிவிடும். ஆகவே பெயர் வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் அமெரிக்காவில் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டிருந்தன. கணினிகள் பெருகவே, ஒரு பட்டியல் தாங்காது என்பது தெளிவாயிற்று. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பார் வேறொரு முறையை வகுத்தார். அம்முறையே வளர்ந்து இன்றளவும் வழங்குகிறது.

தோட்டப்புறத்து அன்பர்களுக்கு அம்முறையை எளிதில் விளக்கலாம். பட்டணத்துத் தபால் நிலையத்திற்கு, தோட்டத்தின் எந்த லயத்தில் எவர் குடியிருக்கிறார் என்பது தெரிய வேண்டுவதில்லை. தோட்டத்து அலுவலகம் எங்கே என்பது தெரிந்தால் போதும். கடிதம் அங்கே சேரும். எந்த வீட்டுக்குரியது என்பதைக் கிராணி அறிவார். இணையத்திலும் அப்படியே. ஒரு பெயரின் உள்விவரங்களைக் கூறும் கணினியைப் பெயர்வழங்கி என்கிறோம். அது கிராணியைப் போன்றது. மேல்நிலைப் பதிவகம் தபால் நிலையத்தைப் போன்றது. "இப்பெயருக்குரிய பெயர்வழங்கி இது" என்று மட்டும் அது சொல்லும்.

பெரும்பாலோர் பெயரை விற்கும் பதிவாளரின் பெயர்வழங்கியையே பயன்படுத்துகின்றனர். அதில் குற்றமில்லை. ஆனால் தம் பெயரைத் தாமே ஆள விரும்பும் பள்ளிகளும் சங்கங்களும் உண்டு. அவை சொந்தமாகப் பெயர்வழங்கி வைத்துக்கொள்கின்றன. அப்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஏட்டில் எழுதும் உரிமை

பெயருக்கு உரியவர் நேரே பதிவகத்திற்குச் சென்று அதன் ஏட்டில் எழுத இயலாது. பதிவகத்தின் ஒப்புதல் பெற்ற பதிவாளர் வழியாகவே எழுத வேண்டும். சிங்கப்பூர்ப் பெயர்களுக்கு எஸ்ஜிநிக் என்னும் அமைப்பு பதிவகமாக உள்ளது. பொதுமக்கள் அதன் ஒப்புதல் பெற்ற பதிவாளர்களையே அணுக வேண்டும். எனவே, பெயர் நம்முடையதாயினும் ஏட்டில் எழுதும் பேனா பதிவாளர் கையில் இருக்கிறது. அவருடைய படிவத்தில் எதற்கு இடம் உண்டோ அதை மட்டுமே நாம் எழுத முடியும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். முல்லை.சிங்கப்பூர் என்று ஒரு பெயரைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பெயர்வழங்கிக்குக் காவல்.முல்லை.சிங்கப்பூர் எனப் பெயரிடுகிறோம். முல்லையைத் தேடி வருபவரிடம் பதிவகம், "காவலைக் கேள்" என்கிறது. காவல் எங்கே? அது முல்லைக்குள் இருக்கிறது. முல்லைக்குள் இருப்பதை யார் சொல்ல வேண்டும்? காவல்தான் சொல்ல வேண்டும். கிராணியின் அலுவலகம் எங்கே என்று கிராணியிடமே கேட்கச் சொல்வது போலாயிற்று இது! இச்சுழலை அறுக்கவே, காவலின் எண்ணையும் பதிவகத்தின் ஏட்டில் குறித்து வைக்கின்றனர். இத்துறையார் இக்குறிப்பைக் குளூ என்பர்; பசை என்பது பொருள். இரண்டு ஏடுகளையும் ஒட்டி நிற்பதால் பொருத்தமான பெயரே.

இப்பசைக் குறிப்பை எழுதவும் மாற்றவும் சில பதிவாளர்களின் படிவத்தில் இடமே இல்லை. சிலர் பழைய முறை எண்ணை ஏற்பர். ஐபிவி6 எனப்படும் புதிய முறை எண்ணை ஏற்கமாட்டார். எங்கள் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர்கள் இத்துன்பத்தை நேரில் கண்டனர். பெயர்வழங்கிகளின் எண்கள் மாறியபோது, புதிய எண்களைப் பதிய வேண்டிப் பதிவாளர் ஒருவருக்கு எழுதினர். "எங்கள் பெயர்வழங்கியையே பயன்படுத்துங்கள்" என்று விடை வந்தது. மீண்டும் விளக்கி எழுதினர். மீண்டும் அதே விடை. கேட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. அதற்குள் பள்ளிக்கு வந்த மின்னஞ்சல்கள் சேர இடமின்றித் திரும்பின.

கையொப்பமும் காவலும்

பெயர்வழங்கி கூறும் விடை மெய்யானதுதானா என்பதைச் சோதிக்க டி.என்.எஸ்.செக் என்னும் கையொப்ப முறை உண்டு. 2010 ஜூலையில் இணையப் பெயர்களின் வேர்நிலையே கையொப்பம் பெற்றது. இம்முறையில், நம் கையொப்பத்தின் அடையாளத்தைப் பதிவகத்தின் ஏட்டில் சேர்க்க வேண்டும். இதற்கும் பதிவாளரே துணை. அவர் பழைய அடையாளத்தை மாற்றாமல் விட்டு, நாம் புதிய கையொப்பத்திற்கு மாறிவிட்டால், சோதிக்கும் கணினிகள் நம் பெயரைப் பொய்யெனத் தள்ளிவிடும். பாதுகாப்புக்கென வைத்த பூட்டு வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திய கதையாகும்.

பதிவாளர்களின் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் முறை. 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழின் இணையப் பெயர் சிலரால் வேறு திசைக்குத் திருப்பப்பட்டது. அவர்கள் இதழின் கணினிக்குள் நுழையவில்லை. பதிவாளர் வழியாக ஏட்டையே மாற்றினர். ஆகவே, மாற்றம் கேட்பவர் யார் என்று ஆராய்வது தேவையே. சிங்கப்பூர்ப் பெயர்களுக்கு 2013 முதல் பொறுப்பாளர் சிங்பாஸ் வழியாகத் தம்மை மெய்ப்பிக்கும் முறை வந்தது. அதற்கு 21 நாள் தவணையும் குறித்தனர். இது தக்க காவல். ஆளை ஆராய்வது வேறு. ஆராய்ந்த பின்னும் எழுத வழியில்லை என்பது வேறு. நாம் குறை கூறுவது பின்னதையே.

தமிழ்ப் பெயரின் தனித் துன்பம்

தமிழ் இணையத்திற்குச் சிங்கப்பூர் முன்னோடி. ஆசிரியராய் விளங்கிய நா. கோவிந்தசாமி 1995-இலேயே அங்கிருந்து தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தார். 1998-இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் பன்மொழிப் பெயர்களுக்கு வழி கண்டனர். இன்று .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என மூன்று நாட்டுப் பெயர்கள் தமிழில் உள்ளன.

எனினும், இம்முறையின் அடித்தளம் ரோமன் எழுத்தையே அறியும். சிங்கப்பூர் என்பது நமக்கு ஆறெழுத்துச் சொல். கணினியோ உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிப் பதினொன்று என்கிறது. பெயரேட்டில் அதுவே புனிகோடு என்னும் முறைப்படி, பொருளற்ற ரோமன் எழுத்தும் எண்ணும் கோடும் கலந்த 22 குறிகளாக மாறுகிறது. தமிழ்ப் பெயரை விற்கும் பதிவாளரின் படிவமே பெயர்வழங்கிக்குத் தமிழ்ப் பெயரை ஏற்க மறுப்பதுண்டு. அப்போது அக்குறிகளை நாமே எழுத வேண்டும். ஒரு குறி பிறழ்ந்தால் பெயரே வேறாகிவிடும்.

செய்யத்தக்கவை

பெயர் வாங்கப் பணம் கட்டுமுன் பதிவாளரிடம் நான்கு வினாக்களை எழுத்தில் கேட்டு விடை பெறுதல் நன்று. பசைக் குறிப்பை நாமே மாற்ற இயலுமா? இரு முறை எண்களையும் ஏற்பீரா? கையொப்ப அடையாளத்தைச் சேர்க்கவும் நீக்கவும் முடியுமா? பெயர்வழங்கிக்குத் தமிழ்ப் பெயர் இடலாமா? விலை சற்று மிகுதியாயினும், இவற்றுக்கு ஆம் என்பவரே ஏற்றவர்.

முன்பே அகப்பட்டுக்கொண்டவர்க்கும் வழி உண்டு. பெயர்வழங்கிக்கு, நல்ல பதிவாளரிடமுள்ள வேறொரு பெயரின் கீழ்ப் பெயரிட்டால், பசைக் குறிப்பை இவரிடம் கேட்க வேண்டுவதில்லை. இரண்டாவது பெயர்வழங்கியை வேறோர் ஊரில் வைத்தால், ஒன்று வீழினும் மற்றொன்று விடை தரும். இவற்றாலும் பயனில்லையெனில், பெயரை வேறு பதிவாளரிடம் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுமுன் கையொப்ப அடையாளம் என்னவாகும் என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

பள்ளிக்கோ சங்கத்திற்கோ இணையப் பெயர் வாங்கித் தரும் இளைஞர்கள் இன்று பலர். அவர்கள் பெயரின் அழகையும் விலையையும் மட்டுமே பார்க்கின்றனர். பெயரோடு அதை ஆளும் உரிமையும் கைக்கு வருகிறதா என்று கேட்கும் பழக்கத்தை ஆசிரியர்களாகிய நாம் அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும்.