மீனோடு வரும் பை

சென்னையில் கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடலோரமாக ஒரு சாலை போகிறது. லூப் ரோடு என்று அதற்குப் பெயர். அந்தச் சாலையை ஒட்டியுள்ள மீனவர் குப்பங்களில் ஒன்று நொச்சிக்குப்பம்.

விடிந்தால் அங்கே படகுகள் கரை சேரும். சங்கரா, காரப்பொடி, கிழங்கான், நண்டு, யோகம் இருந்தால் வஞ்சிரம்! மயிலாப்பூர், மந்தைவெளிக்காரர்கள் வந்து விலை கேட்பார்கள். பேரம் முடிந்து மீன் வெட்டப்படும். பணம் கைமாறும். கடைசியாக அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்பாள்: “பை எடுத்தாந்தீங்களா?”

“இல்லையே!” என்பதுதான் பலருடைய பதில். அந்த ஒரு சொல்லில்தான் கடலோர வியாபாரத்தின் பெரிய சங்கடம் ஒன்று அடங்கியிருக்கிறது.

சட்டம் வந்தது, சங்கடமும் வந்தது

ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைகளுக்குத் தமிழக அரசு 2019-ம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை விதித்தது. கைப்பைகளும் அதில் அடக்கம். துணிபோலத் தோன்றும் ‘நான் ஓவன்’ பைகளும் அடக்கம். அவை துணியல்ல; பிளாஸ்டிக் இழையே. 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது.

மளிகைக் கடைக்காரர் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தந்துவிடலாம். துணிக் கடைக்காரர் துணிப்பை தரலாம். மீன்காரி என்ன செய்வாள்? மீனோ சொட்டச் சொட்ட இருக்கும். காகிதம் கிழியும், மஞ்சள் பையில் கவுச்சி ஏறும். ‘பை கிடையாது’ என்று அவள் கண்டிப்பாகச் சொன்னால், வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அன்றைய லாபமும் அவரோடு போய்விடும். அபராதத்துக்கும் அஞ்ச வேண்டும், வாடிக்கைக்கும் அஞ்ச வேண்டும் என்றால் பாவம், அவள் எங்கே போவாள்?

ஆகவே, ஒரு கடை மட்டும் திருந்துவது கடினம். எல்லாக் கடைகளும் ஒரே நாளில் திருந்தினால்தான் யாருக்கும் நஷ்டம் இராது.

ஒரே கூரையின் கீழ்

அதற்கு இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. லூப் ரோட்டின் ஓரத்தில் இருந்த மீன் கடைகளை 2023 ஏப்ரலில் மாநகராட்சி அகற்ற முற்பட்டபோது மீனவர்கள் மறியல் செய்தார்கள். பிறகு, 2024 ஆகஸ்டில் அங்கேயே 366 கடைகளுடன் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. சாலை நெடுகச் சிதறிக் கிடந்தபோது ஒற்றுமையாக ஒரு முடிவு எடுப்பது எளிதல்ல. ஒரே கூரையின் கீழ் அது சாத்தியம்.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் இதில் சொந்த லாபம் உண்டு. எறிந்த பை எங்கே போகிறது? காற்றிலும் மழை நீரிலும் கடலுக்கே போகிறது. வலை விரித்தால் மீனுக்குப் பதில் குப்பை ஏறுகிறது. மோட்டாரின் சுழலியிலும் சுற்றிக்கொள்கிறது. அந்தக் காலத்துப் பருத்தி வலை அறுந்து விழுந்தால் மக்கிப் போகும். நைலான் வலையோ கடலுக்குள் கிடந்து, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும்!

கொல்லம் காட்டிய வழி

கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரை என்ற துறைமுகம் இருக்கிறது. 2017-ல் அங்கே ‘சுசித்வ சாகரம்’ என்ற திட்டம் தொடங்கியது. வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் திரும்பக் கடலில் எறிவதில்லை. கரைக்குக் கொண்டு வருகிறார்கள். பெண்கள் அதைக் கழுவித் தரம் பிரிக்கிறார்கள். இயந்திரத்தில் துண்டாக்கப்பட்டு, அது தார்ச்சாலை போட உதவுகிறது. பிளாஸ்டிக் கழிவைக் கொண்டு சாலை போடும் முறையைக் கண்டவர் நம் மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் என்பது நமக்குப் பெருமையல்லவா? 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் காசிமேட்டிலும் பழைய வலைகளை விலை கொடுத்து வாங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ‘எறியாதே’ என்று மிரட்டுவதைவிட, ‘கொண்டு வா, காசு தருகிறோம்’ என்பது பலன் தரும்.

இங்கே என்ன செய்யலாம்?

முதலாவது, பாத்திரம். மூடியுள்ள தூக்கோ டப்பாவோ கொண்டு வருகிறவருக்கு ஒரு கை நெத்திலி கொசுறு போடலாம். கொசுறுக்கு மயங்காத வாடிக்கைக்காரர் உண்டோ? மறந்து வந்தவருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு டப்பா தந்து, அடுத்த முறை திருப்பிக் கொடுக்கும்போது பணத்தைத் தரலாம். டப்பாக்களை வாங்க முதல் செலவுக்கு அரசு கைகொடுக்க வேண்டும். கோயம்பேட்டில் 2022-ல் காசு போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். அதுபோல் இங்கும் வைக்கலாம். டப்பா உள்ளே, மஞ்சப்பை வெளியே! கவுச்சி ஏறாது.

இரண்டாவது, கழிவு. செதிலும் குடலும் வீண் குப்பையல்ல. மீன் கழிவுக்குச் சம எடை வெல்லம் சேர்த்துக் காற்றுப் புகாமல் மூடி, சில வாரங்கள் ஊற வைத்தால் ‘மீன் அமிலம்’ கிடைக்கும். இயற்கை விவசாயிகள் அதைத் தண்ணீரில் கலந்து பயிருக்குத் தெளிக்கிறார்கள். மயிலாப்பூர் மாடித் தோட்டங்களுக்கு நொச்சிக்குப்பத்து உரம் போகலாமே! குப்பத்துப் பெண்கள் குழுவுக்கு ஒரு வருமானமும் ஆகும்.

பிளாஸ்டிக் பை என்ன, பாட்டன் காலத்துப் பொருளா? சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வகுத்த ஒரே துண்டுப் பைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1965-ல்தான். அதற்கு முன்பும் மக்கள் மீன் வாங்கினார்கள், குழம்பு வைத்தார்கள், ருசித்துச் சாப்பிட்டார்கள்!

மீன்காரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவள் பை தருவது நாம் கை வீசிக்கொண்டு போவதால்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் புறப்படும்போது, செருப்பை மாட்டுவதற்கு முன் தூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை நொச்சிக்குப்பம் பார்த்துக்கொள்ளும்.