சக்கர நாற்காலி வாங்குமுன் அளவு எடுங்கள்

மே 5 வணிகர் தினம் நெருங்கினால் நம் சங்கங்களில் நலத்திட்ட உதவிப் பேச்சு எழும். தையல் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்ற பட்டியலில் சக்கர நாற்காலியும் இருக்கும். மொத்தமாகப் பத்து எடுத்தால் சர்ஜிகல் கடைக்காரர் விலை குறைத்துத் தருவார். மேடையில் வரிசையாக நிறுத்தினால் பார்வைக்கும் நன்றாக இருக்கும். நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பத்துப் பேருக்கும் ஒரே அளவு நாற்காலி என்பது, பத்துப் பேருக்கும் ஒரே அளவுச் செருப்பு வாங்கியது போல. செருப்பாவது கடித்தால் கழற்றிவிடலாம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தவருக்கு நாற்காலி கடிப்பதே தெரியாது.

நம் பகுதியில் இந்த நாற்காலி யாருக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். கருப்பட்டி வாங்கி விற்கிறோம். அந்தக் கருப்பட்டிக்குப் பதனீர் இறக்க மரம் ஏறி, விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள் பனங்காட்டு ஊர்களில் இருக்கிறார்கள். லாரியில் மூட்டை ஏற்றும்போது தவறி விழுந்த சுமை தூக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தும் கடையை விட மனமில்லாமல் காலை முதல் இரவு வரை கல்லா அருகிலேயே உட்கார வைக்கப்படும் நம் வீட்டுப் பெரியவர்களும் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த லோடுமேன் ஒருவருக்கு விழா ஒன்றில் நாற்காலி கிடைத்தது. ஒல்லியான உடம்பு, அகலமான இருக்கை. ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். சில வாரங்களில் அந்தப் பக்கம் புண் வந்து, நாற்காலியை மூலையில் மடித்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

படுக்கைப் புண் என்று நாம் சொன்னாலும் அது படுக்கையில் மட்டும் வருவதில்லை. உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் பிட்டத்திலுள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. அட்டியில் அடிமூட்டை நசுங்குவதுபோல எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, உள்ளேயே அழுகத் தொடங்குகிறது. மேல்தோலில் சிறு கன்றல் தெரியும்போது உள்ளே பள்ளம் விழுந்திருக்கலாம். நாமெல்லாம் கணக்கு எழுதிக்கொண்டே நம்மை அறியாமல் அசைந்து உட்காருகிறோம். உணர்ச்சி இல்லாதவருக்கு அந்த அசைவு வராது. வியர்வையும் சிறுநீர் ஈரமும் சேர்ந்தால் தோல் இன்னும் சீக்கிரம் கெடும். நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை.

இது பணமில்லாதவர் நோய் என்றும் நினைக்க வேண்டாம். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். எல்லா வசதியும் இருந்தும், இத்தகைய புண்ணில் கிருமி தொற்றிச் சிகிச்சையில் இருந்த நிலையில் 2004 அக்டோபரில் இதயத் துடிப்பு நின்று இறந்தார்.

நம் பக்கத்திலேயே இதை அனுபவத்தால் அறிந்த இடம் தென்காசி அருகே ஆய்க்குடி. அவ்வூர்க்காரரான எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் பார்த்த அமர்ஜித் சிங் சாஹல் பெயரையே அதற்கு வைத்தார். பின்னர் சேர்ந்த எஸ். சங்கரராமன் ஆடிட்டர், அவரும் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நாற்காலியில் இருப்பவர்களே நடத்திய நிறுவனம் என்பதால் அங்கே கேட்டு வாங்குவது, கடையில் விலைப்பட்டியல் பார்த்து வாங்குவதை விட மேல் என்பது நம் கருத்து.

இனி அளவுக்கு வருவோம். கடையில் அடுக்கியிருக்கும் மடக்கு நாற்காலியின் இருக்கை பெரும்பாலும் 18 அங்குல அகலம். அது ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியை இங்கிருந்து அங்கே தள்ளிப்போக ஏற்பட்டது, நாள் முழுக்க உட்கார அல்ல. இருக்கை அகலம் உட்காருபவரின் இடுப்பு அகலமே இருக்க வேண்டும், கூடினால் ஓர் அங்குலம். இருக்கையின் ஆழம், பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் உட்புறம் வரை உள்ள நீளத்தில் இரண்டு அங்குலம் குறைவாக இருக்கட்டும். ஆழம் கூடினால் முழங்கால் இடித்து ஆள் முன்னே சறுக்குவார். குறைந்தால் தொடை தாங்க வேண்டிய பாரமும் பிட்டத்துக்கே போகும். கால்பலகையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. அது உயரமாக இருந்தால் தொடை தூக்கிக்கொண்டு முழுப் பாரமும் எலும்பு முனையில் விழும். தாழ்ந்திருந்தால் கால் தொங்கி உடம்பை முன்னே இழுக்கும். தொய்ந்துபோன ரெக்சின் இருக்கை தூளிபோல இரண்டு தொடையையும் ஒன்றோடொன்று நெருக்கும். அடியில் ஒரு பலகை போட்டு மேலே மெத்தை வைத்தால் பாதிக் குறை தீரும்.

கழுத்து நிற்காதவர், கையால் ஊன்றி எழும்ப முடியாதவர், இவர்களுக்குச் சாயும் நாற்காலி வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு, விற்பவரே சில சமயம் குழப்பிவிடுவார். முதுகுப் பலகை மட்டும் பின்னே சாய்வது ஒன்று, ரிக்ளைன் என்பார்கள். மற்றது டில்ட்; இருக்கையும் முதுகும் சேர்ந்து, ஊஞ்சல் நாற்காலியைப் பின்னே தள்ளினாற்போல மொத்தமாகச் சாயும். முதுகு மட்டும் சாயும்போது உடம்பு மெல்ல முன்னே வழுக்குகிறது; தோல் இருக்கையில் ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு நகர, நடுவிலுள்ள சதை இழுபடுகிறது. புண்ணுக்கு அழுத்தம் போலவே இந்த இழுப்பும் காரணம். டில்ட் வகையில் இடுப்புக் கோணம் மாறாததால் வழுக்கல் குறைவு, பாரம் பிட்டத்திலிருந்து முதுகுக்கு மாறும். ஆனால் கொஞ்சம் சாய்த்தால் போதாது. 30 பாகைக்காவது சாய்த்து, ஓரிரு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும். வாங்கும்போது கடையிலேயே ஆளை உட்கார வைத்துச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். டில்ட் நாற்காலி கனமானது, மடங்காது, நம் டவுன் பக்கத்துக் குறுகிய வீட்டு நடைகளில் நுழையாது. கைக்கு வலு உள்ள பனையேறித் தொழிலாளிக்கு அது தேவையும் இல்லை. இலேசான, அளவான சாதாரண நாற்காலியில் அவரே கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை முன்னே குனிந்தும் பக்கம் சாய்ந்தும் பாரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மெத்தை நாற்காலியில் பாதி. பஞ்சு, ஜெல், காற்று என மூன்று விதம் கிடைக்கும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை மட்டும் வாங்காதீர்கள். அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் வராமல் செய்யும். மெத்தை போதுமா என்று கையாலேயே பார்க்கலாம். ஆள் உட்கார்ந்தபின் மெத்தைக்கும் எலும்பு முனைக்கும் நடுவே விரல் நுனிகளை நுழையுங்கள். விரலைச் சற்று அசைக்க முடிந்தால் சரி. அசைக்க முடியாமல், கையை மட்டும் சுலபமாக உருவ முடிந்தால் எச்சரிக்கை. விரல் நசுங்கிச் சிக்கிக்கொண்டால் அந்த மெத்தை ஆகாது. பஞ்சு நாளடைவில் அமுங்கிப்போகும், ஆகவே இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை வீட்டார் செய்ய வேண்டும்.

காலையும் இரவும் பிட்டம், வால் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது; கறுத்துப்போதல், சூடு, கெட்டிப்பு ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் அந்தப் பக்கம் பாரம் போடாமல் படுக்கவைத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும். எத்தனை உயர்ந்த நாற்காலியானாலும் புண் ஆறும்வரை அதில் உட்கார வைக்கலாகாது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாற்றுத்திறனாளி வாகனம் என்ற இனத்தில் சக்கர நாற்காலிக்கு 5 சதவீதமே விதிக்கப்பட்டது. பில் போடும்போது எந்த இனத்தில், எந்த விகிதத்தில் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் மே மாதத்துக்கு உறுப்பினர்கள் பெயர் சிபாரிசு செய்யும்போது பெயர், ஊர், ரேஷன் கார்டு நகலோடு நான்கு விவரம் சேர்த்து எழுதித் தர வேண்டும்: இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்கால் முதல் குதிகால் வரை நீளம், ஏற்கெனவே புண் உண்டா என்பது. பிசியோதெரபிஸ்ட் கையெழுத்து இருந்தால் நல்லது. ஆர்டர் கொடுக்க நாள் பிடிக்கும், ஆகவே பங்குனிக்குள் தந்துவிடுங்கள்.