சிறுநீரக நோயாளிக்கு எதற்கு இதய எக்கோ?

ரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றுவரும் என் தாத்தாவுக்கு இதய மீயொலிச் சோதனைக்கான கடிதம் வந்தபோது வீட்டில் எல்லாரும் குழம்பினோம். "கோளாறு சிறுநீரகத்தில்தானே, நெஞ்சை எதற்குப் பார்க்கிறார்கள்?" என்றார் பாட்டி.

நீண்டகாலம் ரத்தச் சுத்திகரிப்பு செய்வோரின் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் இதய, ரத்தநாள நோய்களே. பலருக்குச் சிறுநீர் மிகக் குறைவாகவே பிரியும் என்பதால், குடிக்கும் நீர் அடுத்த சுத்திகரிப்புவரை உடலில் தங்குகிறது. ஒரு லிட்டர் தங்கினால் எடை ஒரு கிலோ கூடும். அந்தச் சுமையையும் உயர் ரத்த அழுத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துவிடுகிறது. உடற்பயிற்சியால் கைத்தசை பெருப்பது போன்ற நல்ல செய்தியல்ல இது. விறைத்த சுவர் தளர்ந்து விரியாததால் அறைக்குள் ரத்தம் எளிதில் நிரம்புவதில்லை. ரத்தத்தில் பாஸ்பேட் கூடுவதால் இதய வால்வுகளில் கால்சியமும் படியலாம்.

இவற்றை எக்கோ காட்டிவிடும். ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. நெஞ்சில் களிம்பு தடவி ஒரு கருவியை நகர்த்துவார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம் 55க்கு மேல் இருந்தால் பலரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால், அந்த எண் நன்றாக இருக்கும்போதே சுவர் விறைத்திருக்கக்கூடும்.

சோதனை நாளும் முக்கியம். நீர் கோத்திருக்கும்போது எடுத்தால் அறைகள் உப்பித் தெரியும். அதனால்தான், உடலில் மிகை நீர் இல்லாத 'உலர் எடை'யை எட்டிய பிறகு எக்கோ எடுக்கவேண்டும் என்றும், பின்னர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கவேண்டும் என்றும் அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டி கூறியது.

தாத்தாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி சுத்திகரிப்பு. வார இறுதியில் மட்டும் இடைவெளி ஒரு நாள் கூடுகிறது. அமெரிக்காவில் 32,000க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2011ல் வெளியான ஆய்வு, அந்த நீண்ட இடைவெளியை அடுத்த நாளில்தான் மரணங்களும் மாரடைப்பும் அதிகம் என்று கண்டது.

நம் வீடுகளிலோ உறவினர் வருவதும் தேநீர் ஓடுவதும் ஞாயிற்றுக்கிழமையில்தான்! ரசமும் நீர்க்கணக்கில் சேரும், உப்பு தாகத்தைக் கூட்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. இப்போது யார் வந்தாலும், தாத்தாவின் கோப்பையை மட்டும் பாட்டி பாதிதான் நிரப்புகிறார்.