தட்டிலே தீட்டிய முதுமொழி

பழமொழிகளைப் பாட்டியார் வாயிலாகக் கேட்டிருக்கிறோம், ஏட்டிலும் படித்திருக்கிறோம். பீங்கான் தட்டிலே கண்டதுண்டா? ருஷ்ய நாட்டிலே அவ்வாறு தீட்டி வைத்தனர்.

அக்காலத்திற் பெற்றோகிராட் எனப்பட்ட நகரில், சக்கரவர்த்திகளுக்கென 1744ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பீங்கான் தொழிற்சாலை 1918இல் சோவியத் அரசின் உடைமையாயிற்று. சித்திரம் தீட்டப்படாத வெண்தட்டுகள் அங்கே குவிந்து கிடந்தன. சேர்கேய் செக்கோனின் என்னும் ஓவியரின் தலைமையில் அவற்றிலே புதிய வாசகங்கள் எழுதப்பட்டன. அடியிலிருந்த மன்னர் முத்திரையைப் பல தட்டுகளில் வர்ணம் பூசி மறைத்து, அருகே அரிவாளையும் சம்மட்டியையும் பொறித்தனர்.

அவற்றுள் மிக்காயில் அடமோவிச் 1921இல் தீட்டிய தட்டு பெரும் புகழ் பெற்றது. லெனினின் முகமும் உணவுப் பங்கீட்டு அட்டைகளும் அதிலே உள்ளன. உழையாதவனுக்கு உணவில்லை என்னும் பொருளுடைய முதுமொழியும் உண்டு. புனித பவுலின் நிருபத்திலிருந்து மக்கள் வாயிற் பரவிய வாக்கு அது.

ஆனால், அதே ஆண்டில் வொல்கா நதிப் பிரதேசத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. நிலத்தை உழுது பயிரிட்ட குடியானவர்களே இலட்சக்கணக்கில் மாண்டனர். தட்டுகளோ கண்காட்சிகளை அலங்கரித்தன. பிறநாட்டுப் பணத்துக்கும் விற்கப்பட்டன.

இன்று நூதனசாலைகளில் அத்தட்டைக் காண்போர் ஓவியரின் கைவண்ணத்தை வியப்பர். உழைத்தும் உண்ணாது மடிந்தோரையும் நாம் நினைவுகூர்வோமாக.