ரசீது மட்டும் போதுமா?

வியர்வை சிந்திச் சேர்த்த காசில் துண்டு நிலம் வாங்குகிறோம். ரசீது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கிராண்ட்டில் பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை. அந்நேரம் சாலை போட அரசாங்கம் நிலத்தை எடுத்தால்?

"எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைக்க வேண்டாம். போதிய இழப்பீடு இல்லாமல் நிலத்தை எடுக்கச் சட்டம் இடம் தரக்கூடாது என்கிறது மலேசிய அரசியலமைப்பின் 13ஆவது விதி. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, பணம் கட்டி வாங்கியவரும் இழப்பீட்டில் உரிமை கோரலாம்.

ஆகவே, பெயர் மாறும்வரை நில அலுவலகத்தில் 'கேவியட்' போட்டு வையுங்கள். விசாரணைக்கு ஒப்பந்தம், ரசீதுகளோடு போய் எழுத்து மூலம் கோருங்கள். அங்கே வாய் மூடி இருந்தவர் பிறகு ஆட்சேபிக்க வழியில்லை. தொகை குறைவா? முடிவு சொன்னபோது அங்கிருந்தவர் ஆறு வாரத்துக்குள் 'என்' பாரம் கொடுக்க வேண்டும்.

பெட்டியில் தூங்கும் ரசீது நமக்காகப் பேசாது, தோழர்களே. நாம்தான் பேச வேண்டும்!